ஆத்துப் பக்கம் போகாதேன்னு சொன்னா மட்டும் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு, திருச்சிக்குப் பக்கத்தில் காவிரி இரண்டாகப் பிரியும் முக்கொம்புக்குப் போய்வந்தோம். கட்டுச்சோறு சாப்பிட்டு, பிள்ளைகளை ஊஞ்சல் ஆடவிட்டுத் திரும்பும் வழக்கமான பயணம் இல்லை. அப்பா மூங்கில் குச்சியில் மூன்று தூண்டில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு அக்கா குச்சிகளைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டார். "புள்ளைங்கள ஆத்துக்கா கூட்டிட்டுப் போற? நெசமாவா?"

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காவிரியிலும் கொள்ளிடத்திலும் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளைப் பற்றி வருஷா வருஷம் படிக்கிறோம். படிக்கும்போதெல்லாம் என் வயிறும் கலங்குகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் வைத்திருக்கும் ஒரே மருந்து "ஆத்துப் பக்கம் போகாதே" என்பதுதான். திருச்சியில் பிறந்த பிள்ளை எத்தனை நாள் ஆற்றுப் பக்கம் போகாமல் இருக்கும்? பதினைந்து வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் நாலு சிநேகிதர்களோடு போகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லியே வளர்க்கிறோம். ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று யார் சொல்லிக் கொடுத்தோம்?

எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா தூண்டில் போடப் போகும்போது அண்ணனைத்தான் கூட்டிப் போவார். "பொம்பளப் புள்ளைக்கு ஆத்தங்கரையில என்ன வேலை" என்பார் அப்பாயி. நாற்பது வயதாகியும் எனக்கு நீச்சல் தெரியாது. அது இன்றைக்கும் உறுத்துகிறது. என் மகளுக்கு அப்படி நடக்கக்கூடாது என்று அப்பாவிடம் நேராகவே கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே தூண்டில் நரம்பு வாங்கி வந்துவிட்டார்.

முதலில் முக்கொம்பு பாலத்தில் நிறுத்தி ஆற்றைக் காட்டினார். வலது கைப் பக்கம் பிரிவது காவிரி, இடது கைப் பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. அங்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு வெள்ளத்தில் போன கதையைச் சொன்னார். "நூத்தி எண்பது வருஷம் நின்ன கட்டடம்டா. தண்ணியோட பலம் என்னன்னு பாத்துக்க." பேரன் அங்கேயே தூண்டிலைப் பிரிக்கப் போனான். விடவில்லை. "மதகுப் பக்கம் போடவே கூடாது. மேல அமைதியாத்தான் தெரியும், அடியில இழுக்கும்." அதனால் பெருகமணிப் பக்கம், உறவினர் ஒருவரின் வாழைத்தோப்பை ஒட்டிய கரைக்குப் போனோம்.

அங்கே போயும் உடனே தூண்டில் போடவிடவில்லை. ஒரு வாழைச் சருகைக் கிள்ளி எறிந்து, அது எங்கே நேராகப் போகிறது, எங்கே சுற்றுகிறது என்று பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு நீளக் குச்சியைத் தண்ணீரில் ஊன்றினார். முழங்கால் ஆழம். அதே இடத்தில் நின்றபடி கையை நீட்டி, ஒரு எட்டுத் தள்ளி ஊன்றினார். குச்சி இறங்கிக்கொண்டே போனது. அவர் மணிக்கட்டு நனைந்தும் தரை தட்டவில்லை. மணல் அள்ளிய பள்ளம். மேலே பார்த்தால் இரண்டு இடமும் ஒரே நிறம், ஒரே ஓட்டம். என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷமாக "போகாதே போகாதே" என்று நான் சொன்னது செய்யாததை அந்த ஒரு குச்சி செய்தது.

அதற்குப் பிறகுதான் மீன். வாழைக்கட்டையின் அடியில் கிளறி மண்புழு எடுத்தோம். பழைய ரப்பர் செருப்பை வெட்டிய துண்டுதான் தக்கை. தூண்டில் முள்ளை நரம்பில் கட்டி இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும் என்றார் அப்பா. காய்ந்த முடிச்சை இழுத்தால் சூட்டில் நரம்பு பலமிழந்து, மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் அறுமாம். கரையோரம் தெளிந்த தண்ணீரில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரிந்தன. ஜிலேபிக் கெண்டை ஆண் மீன் தோண்டிய கூடுகள். பெண் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும் என்று கேட்டதும் பையன் நம்பவே இல்லை. அது நம் ஆற்று மீனும் இல்லை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளம் ஏரி ஆறு எங்கும் நிறைந்துவிட்டது.

இரண்டு மணி நேரத்தில் மொத்தம் ஐந்து மீன். மகளின் தக்கை ஒருதரம் ஆடி, சட்டென்று மறைந்தது. மேலே வந்தது கெளுத்தி. வெளியே எடுத்ததும் கீச் கீச் என்று சத்தம் போட்டது. அவள் ஆசையாகக் கை நீட்டினாள். அப்பா தடுத்து, முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக இருக்கும் மூன்று முள்ளைக் காட்டி, முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டினார். குத்தினால் கை கடுத்துவிடும். இரண்டாவது கெளுத்தியை அவளே பிடித்துக் கழற்றினாள். விரல் நீளம்கூட இல்லாத இரண்டு கெண்டைகளைத் திரும்ப விட்டுவிட்டோம். அறுந்த நரம்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் அப்பா. கரையில் விட்டால் கொக்கு, நாரையின் காலில் சுற்றிக்கொள்ளும்.

ஆற்றில் தோட்டா, அதாவது வெடிமருந்து, வெடித்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே தடுக்கிறது. அப்பா சின்ன வயதில் தோட்டா போடுவதைக் கண்ணால் பார்த்தவர். குஞ்சு குளுவான் எல்லாம் வெள்ளையாக மிதக்கும் என்று சொல்லும்போது இப்போதும் குரல் இறங்கிவிடுகிறது. ஒரு தூண்டிலோடு இரண்டு மணி நேரம் காத்திருந்த பிள்ளை அப்படி ஒரு காரியத்தைச் செய்யாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆற்றங்கரை ஊர்களில் இருக்கும் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நீச்சல் கற்றுக் கொடுங்கள். ஆறு தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, தண்ணீர் குறைந்த மாதங்களில் கூட்டிப் போங்கள். கரையிலேயே உட்காருங்கள், யாரும் இறங்க வேண்டாம். பெண் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், அந்தக் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள்.

இன்று காலை பேப்பர் வந்ததும் என் மகள் முதலில் தேடியது மேட்டூர் நிலவரம். தாத்தாவுக்குப் போன் போட்டு, நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பா கேட்டார்: "திறப்ப இன்னொரு தரம் படி, பாப்பா."