“கேட்டா போட்டுத் தர்றோம்”னு இனியும் சொல்லாதீங்க

சேலம் பக்கத்துக் காலேஜ் கம்ப்யூட்டர் லேப்கள்ல, திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடரைக் கேக்கிற பார்வையில்லாத மாணவருக்குக் கிடைக்கிற பதில் ஒண்ணே ஒண்ணுதான். “யாராவது கேட்டா போட்டுத் தர்றோம்.” கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அறுபது கம்ப்யூட்டர் இருக்கிற லேப்ல ஒண்ணுலகூட ஸ்கிரீன் ரீடர் போட்டிருக்காது. ஏற்காட்டுலேர்ந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ் ஸ்டாண்டுல இன்னொரு டவுன் பஸ் மாறி, ஒன்பதரை மணி லேபுக்கு வர்ற பொண்ணு முதல் வேலையா லேப் அசிஸ்டென்ட்டைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கெஞ்சணும். பக்கத்து சீட்டுப் பையன் ப்ரோக்ராம் அடிச்சு அவுட்புட் எடுத்து ரெக்கார்டு நோட்டு எழுத ஆரம்பிச்சிருப்பான். இவளுக்கு இன்னும் கம்ப்யூட்டர் வாயே திறந்திருக்காது. அடுத்த வாரமும் இதே கதை, அதுக்கடுத்த வாரமும் இதே கதை. ஏன்னா போன வாரம் போட்டது இந்த வாரம் அங்க இல்ல!

பணம் இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. என்விடிஏங்கிற ஸ்கிரீன் ரீடர் இலவசம். 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்ங்கிற பார்வையில்லாத இளைஞர் ஆரம்பிச்சது. விலை கொடுத்து ஸ்கிரீன் ரீடர் வாங்க முடியாதவங்களுக்காகவே எழுதினது. ஜாஸ்ங்கிறது காசு கொடுத்து வாங்கற ஸ்கிரீன் ரீடர். “ஜாஸ் வாங்க ஃபண்டு கேட்டிருக்கோம், வந்ததும் பண்றோம்”னு ரெண்டு மூணு வருஷம் ஃபைலை உருட்டறாங்க. அதுக்குள்ள அந்தப் பிள்ளை டிகிரியே முடிச்சிடும். ஜாஸ் வரட்டும், வேணாங்கல. லைசென்ஸ் இல்லாம அதைப் போட்டா நாப்பது நிமிஷத்துல நின்னுடும், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணாத்தான் மறுபடி ஓடும். மூணு மணி நேர ப்ராக்டிகலுக்கு அது ஆகாது. ஃபண்டு வர்ற வரைக்கும் என்விடிஏ போட என்ன தடை?

போட்டது ஏன் காணாமப் போகுதுன்னா, முக்கால்வாசி லேப்ல டீப் ஃப்ரீஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. ரீஸ்டார்ட் ஆனா மெஷின் பழைய நிலைக்குத் திரும்பிடும். வைரஸுக்கு நல்லது, லேபுக்குத் தேவையும்கூட. ஆனா ஃப்ரீஸ் ஆகியிருக்கிற மெஷின்ல யாரோ இரக்கப்பட்டு என்விடிஏ போட்டா, கரண்ட் ஒரு தடவை போய் வந்ததும் அழிஞ்சிடும். சித்திரை, வைகாசியில சாயந்திரம் ஒரு மழை வந்தா இந்த ஊர்ல கரண்ட் நிக்குதா? லேப் யூபிஎஸ் பேட்டரியோட லட்சணமும் எல்லாருக்கும் தெரியும். “போட்டுத்தானே கொடுத்தோம், நீதான் ஏதோ பண்ணிட்டே”ன்னு அந்தப் பிள்ளைமேலயே பழி வேற போடுவாங்க.

இதைச் சரி பண்ற வழி கஷ்டமே இல்ல. ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டு டாஸ்க்பார் மூலையில இருக்கிற டீப் ஃப்ரீஸ் ஐகானை டபுள் கிளிக் பண்ணுங்க. பாஸ்வேர்டு கேக்கும், போட்டு ‘பூட் தாட்’ (ஃப்ரீஸ் இல்லாம பூட் ஆகறது) தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப அட்மின் உரிமையோட என்விடிஏவை இன்ஸ்டால் பண்ணுங்க. அறுபது மெஷினுக்கும் ஒவ்வொண்ணா உக்காரத் தேவையில்ல, இன்ஸ்டாலர் ஃபைல் பேருக்குப் பின்னாடி ரெண்டு கோடு போட்டு ‘இன்ஸ்டால் சைலன்ட்’ ஆப்ஷனைச் (--install-silent) சேர்த்தா கேள்வி கேக்காம அதுவே போட்டுக்கும். சர்வர்லேர்ந்து ஒரு ஸ்கிரிப்ட்டா தள்ளிடலாம். அப்புறம் குரல், வேகம், தமிழ் எல்லாம் அமைச்சு, கன்ட்ரோல், இன்சர்ட், சி மூணையும் சேர்த்து அழுத்திச் சேமிங்க. என்விடிஏவோட பொது அமைப்புல போய், லாகின் திரையிலயும் இதே செட்டிங் வரணும்ங்கிற பட்டனைக் கண்டிப்பா அழுத்துங்க. பல பேர் விடறது இங்கதான். டெஸ்க்டாப் வந்தப்புறம் பேசற கம்ப்யூட்டர் இருந்து என்ன பிரயோஜனம், யூசர்நேம் பாஸ்வேர்டு போடற இடத்துல ஊமையா இருந்தா? இதெல்லாம் முடிஞ்ச பிறகு திரும்ப ஃப்ரீஸ் பண்ணுங்க. இனி எந்த மெஷின்ல உக்காந்தாலும் கன்ட்ரோல், ஆல்ட், என் அழுத்தினா பேசும். தேவையில்லாத மாணவருக்கு அது இருக்கிறதே தெரியாது. யாருக்கும் இடைஞ்சல் இல்ல.

“பென் டிரைவ்ல என்விடிஏவோட போர்ட்டபிள் காப்பி கொண்டு வரச் சொல்லுங்க”ன்னு இன்னொரு புத்திமதி. அதே லேப்ல பென் டிரைவுக்குத் தடை போட்டு வெச்சிருக்கிறதும் நீங்கதான்! தடையை எடுத்தாலும் போர்ட்டபிள் காப்பி லாகின் திரையில ஓடாது. அட்மின் அனுமதி கேக்கிற பெட்டியையும் படிக்காது. இன்ஸ்டால் பண்ணினதுக்கு அது ஈடாகவே ஆகாது. தடையைப் போடறவங்க யூஎஸ்பியையே மொத்தமா மூடிடறாங்க, அதுல ஹெட்செட்டும் பிரெய்லி டிஸ்ப்ளேயும் சேர்ந்து செத்துப் போகுது. ஸ்டோரேஜை மட்டும் தடுக்கத் தனி பாலிசி இருக்கு, அதைப் போடுங்க.

இன்னும் விண்டோஸ் 7 ஓட்டற லேப்களுக்கு ஒண்ணு. என்விடிஏ 2024லேர்ந்து அதுல ஓடாது, 2023.3 வரிசைதான் கடைசி. புதுசைப் போட்டுப் பார்த்துட்டு “சப்போர்ட் ஆகல”ன்னு கையை விரிக்காதீங்க, பழைய பதிப்பை இறக்கிப் போடுங்க.

அடுத்து சத்தம். இதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. ஸ்கிரீன் ரீடர்னா காதால கேக்கறது. லேப் மெஷின்ல சத்தமே வராது. கேபினெட் முன்னாடி ஹெட்போன் ஓட்டை இருக்கும், ஆனா அசெம்பிள் பண்ணினவர் அதோட ஒயரை மதர்போர்டுல சொருகாமலே மூடியிருப்பார். மூடியைத் திறந்து, எச்டி ஆடியோன்னு எழுதியிருக்கிற கனெக்டரை போர்டு ஓரத்துல இருக்கிற ஒன்பது பின் ஹெடர்ல சொருகினா வேலை முடிஞ்சது. ஒரு மெஷினுக்கு அஞ்சு நிமிஷம். சில லேப்ல, பசங்க பாட்டு கேக்கறாங்கன்னு, விண்டோஸுக்கு முன்னாடியே வர்ற பயாஸ் செட்டிங்லயே ஆன்போர்டு ஆடியோவை அணைச்சு வெச்சிருக்காங்க. அங்க டிரைவரை எத்தனை தடவை போட்டாலும் வராது, பயாஸ்ல போய்த்தான் திறக்கணும். எதுவும் முடியலன்னா சேலத்துல எந்தக் கம்ப்யூட்டர் கடையிலயும் கிடைக்கிற யூஎஸ்பி சவுண்டு கார்டு சில நூறு ரூபாதான். ஒரு சர்வர்ல பத்து டெர்மினல் ஓட்டற லேப்பா இருந்தா, ரிமோட் ஆடியோ அமைப்புல ‘இந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒலிக்கட்டும்’ங்கிறதைத் தேர்ந்தெடுக்கணும். இல்லன்னா மாணவியோட திரையில இருக்கிறதை யாருமே இல்லாத சர்வர் ரூம்ல நின்னு அது படிச்சிட்டிருக்கும்.

இத்தனையும் தாண்டி சத்தம் வந்தா, “இயர்போனைக் கழட்டு, லேப்ல பாட்டா கேக்கற?”ன்னு ஒரு அதட்டல். அந்த இயர்போன்தாங்க அந்தப் பிள்ளைக்கு மானிட்டர். பக்கத்துப் பையனோட மானிட்டரைப் போய்க் கழட்டுவீங்களா?

சரி, கம்ப்யூட்டர் பேச ஆரம்பிச்சாச்சு. அடுத்து, சி ப்ரோக்ராம் எழுதற பழைய டர்போ சி. நீலத்திரை டர்போ சி-யை, பழைய டாஸ் ப்ரோக்ராம்களை ஓட்டற டாஸ்பாக்ஸ்ல ஓட்டிட்டு இன்னும் எத்தனை லேப்! டாஸ்பாக்ஸ் எழுத்தை எழுத்தா வைக்கிறதில்ல, படமா வரைஞ்சு காட்டுது. ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரு வெத்து ஜன்னல். என்விடிஏ, ஜாஸ், விண்டோஸ் கூடவே வர்ற நரேட்டர் எதைப் போட்டாலும் ஒரு எழுத்துகூடப் படிக்காது. அப்புறம் “இந்தப் பையனுக்கு ப்ரோக்ராமிங் வரல, வேற டிபார்ட்மென்ட் மாத்திக்கச் சொல்லுங்க”ன்னு ஸ்டாஃப் ரூம்ல பேச்சு. பையனுக்கு வராம இல்ல, நீங்க வெச்சிருக்கிற எடிட்டர் அவனுக்குத் திறக்கல. நோட்பேடுல எழுதி கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஜிசிசி-ங்கிற இலவச கம்பைலரால கம்பைல் பண்ணட்டும், ஒவ்வொரு எர்ரரும் வரி எண்ணோட காதுல விழும். விஎஸ் கோடுங்கிற எடிட்டர் இன்னும் வசதி, ஸ்கிரீன் ரீடர் ஓடறதை அதுவே கண்டுபிடிச்சு அதுக்கேத்த மாதிரி மாறிக்கும். ஆனா ஜிசிசி-க்கு மாறினா கிளியர் ஸ்கிரீன் மாதிரி டர்போ சி-க்கே உரிய கட்டளைகள் வேலை செய்யாது, வாய்டு மெயினை இன்ட் மெயின் ஆக்கணும். அதனால லேப் மேனுவலையும் மாத்தணும். மாத்த சோம்பல் பட்டுத்தான் டர்போ சி-யை விடமாட்டேங்கறாங்க, வேற காரணமே இல்ல.

பைத்தான்லயும் இதே கூத்துதான். பைத்தான் கூடவே வர்ற ஐடில் எடிட்டர், டிகேங்கிற கருவியில கட்டினது, ஸ்கிரீன் ரீடருக்குச் சரியாப் பிடிபடாது. அங்கயும் விஎஸ் கோடு கொடுங்க. கூடவே என்விடிஏ அமைப்புல ‘வரி உள்தள்ளலைச் சொல்’ங்கிறதை ஆன் பண்ணுங்க. பைத்தான்ல நாலு ஸ்பேஸ் தள்ளி இருக்கா எட்டா இருக்காங்கிறதுதான் ப்ரோக்ராமே. அது காதுல விழலன்னா தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஜாவா விண்டோக்கள் ஊமையா இருந்தா, ஜாவாவை ஸ்கிரீன் ரீடரோட இணைக்கிற ஆக்சஸ் பிரிட்ஜ் அணைஞ்சிருக்கு. ஜேஏபி ஸ்விட்ச்ங்கிற ஒரே கட்டளையில எழுந்திடும்.

தமிழ் வழியில படிக்கிற பிள்ளைங்க நிலைமை இதைவிட மோசம். நோட்ஸை பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்டுல அடிச்சு அனுப்பறாங்க. கண்ணுக்கு அது ‘அம்மா’. கம்ப்யூட்டருக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். ஒரு பாடம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்க! 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. இன்னும் பாமினி எதுக்கு? பழைய ஃபைலை யூனிகோடுக்கு மாத்தற கன்வெர்ட்டர்கள் இலவசமாவே கிடைக்குது. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்-ஐ அனுப்பிட்டு “என்விடிஏல படத்துலேர்ந்து எழுத்தை எடுக்கற ஓசிஆர் இருக்காமே”ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அது விண்டோஸோட ஓசிஆர்-ஐத்தான் கூப்பிடுது, அதுல தமிழ் இல்ல. தமிழுக்கு டெசராக்ட்ங்கிற இலவச ஓசிஆர்-ல தமிழ் மொழி ஃபைலைச் சேர்த்து ஓட்டணும், இல்லன்னா கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸா திறக்கணும். வந்ததை ஒரு தடவை யாராவது கண்ணால பார்த்துத் திருத்தணும். ஆரம்பத்துலயே டைப் பண்ணின ஃபைலை அனுப்பினா இத்தனையும் மிச்சம். குரலுக்கு என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக் தமிழ் பேசும், கொஞ்சம் இரும்புக் குரல். காதுக்கு இதமா வேணும்னா விண்டோஸ்ல தமிழோட பேச்சுப் பகுதியை இறக்கி, என்விடிஏல விண்டோஸோட ஒன்கோர் குரலைத் தேர்ந்தெடுத்தா வள்ளுவர்னு ஒரு குரல் வரும்.

பார்வை குறைஞ்சவங்களுக்கு ரெசல்யூஷனைக் குறைச்சு வெச்சுட்டு உதவி பண்ணிட்டதா நினைக்கிறாங்க. எழுத்து பெருசாகும், கூடவே மங்கும். ஸ்கேலிங்கை 150, 175னு ஏத்துங்க. விண்டோஸ் சாவியும் பிளஸ்ஸும் அழுத்தினா மேக்னிஃபையர், அதுக்குள்ள கன்ட்ரோல், ஆல்ட், ஐ அழுத்தினா கறுப்புல வெள்ளை எழுத்து. ஆனா கன்ட்ரோல் பேனலை மொத்தமாப் பூட்டி வெச்சிருக்கிற லேப்ல அவங்க நிறத்தைக்கூட மாத்திக்க முடியாது. வால்பேப்பரைப் பூட்டுங்க, ஆக்சஸிபிலிட்டி பக்கத்தைத் திறந்து விடுங்க. ஒரு கையால டைப் பண்றவங்களுக்கு, ஷிஃப்ட், கன்ட்ரோலையெல்லாம் சேர்த்துப் பிடிக்காம ஒவ்வொண்ணா அழுத்த விடற ஸ்டிக்கி கீஸ் வேணும், ஷிஃப்ட்டை அஞ்சு தடவை அழுத்தினா வரும். “தொந்தரவா பீப் அடிக்குது”ன்னு அதையும் அணைச்சு வெச்சிருக்காங்க. எஃப், ஜே சாவியில இருக்கிற மேடு தேஞ்சு போன கீபோர்டையாவது மாத்தக் கூடாதா? அந்த ரெண்டு மேடுதான் பார்வையில்லாத விரலுக்கு எல்லைக்கல்.

அடுத்து செருப்பு விஷயம். லேப் வாசல்ல செருப்பைக் கழட்டணும்னு போர்டு. காலிப்பர் (காலைத் தாங்கற கம்பி) போட்டவங்களுக்கு ஷூவும் காலிப்பரும் ஒண்ணாச் சேர்ந்தது. கழட்டினா நிக்கவே முடியாது. அவங்களை வாசல்ல நிறுத்தி விளக்கம் கேக்கறது கொடுமைங்க. சக்கர நாற்காலி உள்ள வந்தாலும் மேஜைக்கு அடியில சிபியு, ஒயர், கால் வைக்கிற கம்பி. முட்டி நுழைய 70 செ.மீ. உயரம் காலியா வேணும். ஓரத்துல ஒரு மேஜையில அந்தக் கம்பியை அறுத்து, சிபியுவை மேல வெச்சாப் போதும், ஒரு வெல்டருக்கு அரை நாள் வேலை.

பரீட்சை வந்தா மொத்தமும் வெடிக்கும். வருஷம் பூரா ஒண்ணும் அமைக்காம, ப்ராக்டிகல் அன்னைக்கு, மாணவர் சொல்லச் சொல்ல அடிக்கிற ஒரு ஸ்கிரைப்பை உக்கார வைக்கிறாங்க. கோடிங் தெரியாத ஸ்கிரைப்புக்கு ஒவ்வொரு அடைப்புக்குறியையும் வாயால சொல்லணும். அவர் ஒரு அரைப்புள்ளியை விட்டா ப்ரோக்ராம் ஓடாது, போறது அந்தப் பார்வையில்லாத பையனோட மார்க். மத்திய அரசோட மாற்றுத் திறனாளி தேர்வு வழிகாட்டுதல்ல மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் நேரம் உண்டு, கம்ப்யூட்டர்ல எழுதவும் அனுமதி உண்டு. மூணு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் கூட. இது சலுகை இல்ல, யாரும் மனசிரங்கிக் கொடுக்க வேண்டியதும் இல்ல. 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல அஞ்சு சதவீத இடம் இவங்களுக்கு உரியது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022ல காலேஜ்களுக்குன்னே அணுகல் வழிகாட்டி வெளியிட்டாச்சு. சீட்டைக் கொடுத்துட்டு அந்த சீட்டுக்கு முன்னாடி இருக்கிற கம்ப்யூட்டரைப் பூட்டி வெச்சா அது என்ன இட ஒதுக்கீடு?

“தனி ரூம்ல ஒரு ஸ்பெஷல் கம்ப்யூட்டர் இருக்கே”ன்னு யாரும் வராதீங்க. சாவி ஒருத்தர்கிட்ட இருக்கும், அவர் லீவுல இருப்பார். திறந்தா மெஷின்ல ஆறு மாச அப்டேட் ஓடும். கிளாஸ் எங்கயோ நடக்கும், பிள்ளை எங்கயோ உக்காந்திருக்கும். அந்த வாரம் எல்லாருக்கும் கொடுத்த டேட்டாபேஸ் ஃபைலும் அந்த மெஷின்ல இருக்காது. எல்லா மெஷின்லயும் போடுங்க.

ஜூன்ல காலேஜ் திறக்கும் முன்னாடி லேப் பொறுப்பாளர் ஒரு நாள் ஒதுக்குங்க. ஏதாவது ஒரு மெஷின்ல மானிட்டரை அணைச்சு, மவுஸை உருவிட்டு, ஹெட்போன் மாட்டி உக்காருங்க. லாகின் பண்ணி, ரெண்டு எண்ணைக் கூட்டற ஒரு ப்ரோக்ராம் எழுதி, ஓட்டி, சேமிச்சு, லாக் அவுட் பண்ணுங்க. எங்க நிக்கிறீங்களோ அதைக் குறிச்சு வெச்சு அன்னைக்கே சரி பண்ணுங்க. அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணி இன்னொரு தடவை செஞ்சு பாருங்க.