மத்தியானம் தண்ணி ஊத்தினா இலை கருகுமா?

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, உச்சி வெயில்ல செடிக்கு தண்ணி விட்டா இலை மேல நிக்கிற துளி லென்ஸ் மாதிரி வெயில குவிச்சு இலைய கருக்கிடும்னு. செம்பருத்தி, தெச்சி, குரோட்டன்ஸ் மாதிரி வழவழப்பான இலையில அது நடக்காது மக்கா, துளி இலையோட ஒட்டி கெடக்குறதால வெளிச்சம் குவியுற இடம் இலையத் தாண்டி கீழ போயிடும், தண்ணி இலைய குளிர வேற செய்யும். முடி முடியா இருக்கிற இலையில மட்டும் லேசா சான்ஸ் உண்டு. காலையில ஊத்தச் சொல்றது தண்ணி ஆவியாகி வீணாகாம இருக்கத்தான். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர் பக்கம் இலை ஓரம் கருகுதுன்னா முதல்ல உப்புக்காத்தையும் போர் தண்ணி உப்பையும் பாருங்க, நல்ல தண்ணியில இலைய கழுவி விடுங்க. வாடி நிக்கிற செடிக்கு மத்தியானம்னாலும் உடனே தூர்ல ஊத்துங்க, வெயில்ல கெடந்த ஹோஸ்ல முதல்ல வர்ற சுடுதண்ணிய மட்டும் வெளிய விட்டுட்டு.