அது பவளம் இல்லீங்க
குழாய்க்குள்ள கூட்டமா வாழுற ஒரு குட்டி ஜீவன் படத்தைப் போட்டு 'இது பவளத்துல ஒரு வகை, இப்பத்தான் கண்டுபிடிச்சாங்க'ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. ரெண்டுமே தப்பு, தயவுசெஞ்சு மேல அனுப்பாதீங்க.

படத்துல இருக்கிறது ராப்டோப்ளூரா, டெரோபிராங்க்னு சொல்ற, குழாய் கட்டி வாழுற குட்டிக் கடல் ஜீவன்கள் குழுவைச் சேர்ந்தது, 1869லயே பேர் வெச்சாச்சு. பவளத்துக்கு வயிறு வெறும் பை மாதிரி, உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒரே வாசல்தான், ஆனா இதுக்கு குடல் யு மாதிரி வளைஞ்சு வாய் தனி ஆசனவாய் தனி, ரெண்டு கை வேற இருக்கு, அந்தக் கை முழுக்க இழை இழையா நீட்டிக்கிட்டு தண்ணியில மிதந்து வர்ற துணுக்கைப் பிடிச்சுத் திங்குது. ஆளு சைஸ் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், ஆனா வீடு சொந்த வீடு! தலைப்பக்கம் ஒரு தட்டு மாதிரி உறுப்பு, அதுல சுரக்கிறதை வளையம் வளையமா அடுக்கியே குழாயைக் கட்டிடுது.

வகைப்பாட்டுல இது அரைநாணி, அதாவது ஹெமிகார்டேட்டாங்கிற முதுகெலும்பில்லாத கடல் ஜீவன்களோட தொகுதி, கடல் மண்ணுல வாழுற பலனோகிளாசஸ் புழுவுக்குச் சொந்தம், கொஞ்சம் தள்ளிப் போனா நட்சத்திர மீனுக்கும் பங்காளி. பவளம் நிடேரியா, ஜெல்லிமீன் எல்லாம் இருக்கிற வேற தொகுதி. கடல் உயிரினங்களோட பேர்ப் பட்டியல் இருக்கிற 'வேர்ல்ட் ரெஜிஸ்டர் ஆஃப் மரைன் ஸ்பீஷீஸ்' தளத்துல ராப்டோப்ளூரா, நிடேரியாங்கிற ரெண்டு பெயரையும் தட்டிப் பாருங்க, தெரிஞ்சிடும்.