கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி

பழைய துப்பறியும் நாவல்களின் சாயலில் புதிதாக வருபவற்றை விடாமல் வாசிக்கிறேன். தனி பங்களா, ஓயாத மழை, வெளியேற வழியில்லாத விருந்தாளிகள், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசும் துப்பறிவாளர் எல்லாம் இருக்கும். கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் தடயம் மட்டும் கடைசிப் பத்துப் பக்கத்தில்தான் நம் கண்ணில் படும். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். சில இன்றைக்குச் சுத்தமாகச் செல்லாது. ஆனால் துப்பறிவாளர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்ற விதி இன்றும் அப்படியே செல்லும். அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் நாவல் (1926) முடிவை இங்கே உடைக்க மாட்டேன். படித்து முடித்ததும் முன்னால் புரட்டிப் பாருங்கள். எல்லாம் அச்சில் இருக்கும், நாம்தான் தாண்டிப் போயிருப்போம்.

அந்த நேர்மையைச் சரியாக வாங்கிக்கொண்ட நாவல் என்று நான் எல்லோரிடமும் சொல்வது, சுஜாதா மாஸியின் ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ (2018). எங்கள் ஊர்க் கதை, 1921ஆம் வருஷத்துப் பம்பாய். பர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண் வக்கீலை உருவாக்க, நிஜத்தில் வாழ்ந்த, இந்தியாவின் முதல் பெண் வக்கீல்களில் ஒருவரான கொர்னீலியா சொராப்ஜி ஒரு தூண்டுதல். இறந்துபோன மில் முதலாளியின் மூன்று மனைவிகளும் தங்கள் பங்கை தர்ம காரியங்களுக்கு விட்டுக்கொடுப்பதாகக் காகிதம் வருகிறது. அதில் ஒருவர் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் எதைப் புரிந்துகொண்டு சம்மதித்தார்? ரத்தக்கறை வேண்டாம், சிகரெட் சாம்பல் வேண்டாம். ஷெர்லாக் ஹோம்ஸாக இருந்தாலும் அந்தக் குறியில்தான் நின்றிருப்பார்.

அப்புறம் அந்த வீடு. ஆங்கில பங்களாவைப் பனி மூடும், இங்கே பர்தா மூடுகிறது. விசாரிக்க வந்த போலீஸே ஆனாலும் அந்நிய ஆணின் முன் அந்தப் பெண்கள் வர மாட்டார்கள். பர்வீன் உள்ளே போகலாம். ஆனால் அதே பர்வீனால் கோர்ட்டில் எழுந்து வாதாட முடியாது. பெண்களுக்கு வக்கீல் தொழிலைத் திறந்துவிட்ட சட்டம் 1923இல்தான் வந்தது. மூடிய வீடு என்ற பழைய உத்தி அந்தக் காலத்துப் பெண்களின் நிலைமையாகவே ஆகிவிடுகிறது. பழைய நாவல்களின் தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். ஹோம்ஸின் பைப்பையும் தொப்பியையும் யார் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம்.

வக்கீல் துப்பறிவது நமக்கும் புதிதில்லை, ‘நைலான் கயிறு’ காலத்திலிருந்து நம் தமிழ் எழுத்தாளர் சுஜாதாவின் வக்கீல் கணேஷ் இருக்கிறார். மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று தலைமுறைகளாகத் தமிழர் வாழும் ஊர் இது. சால் என்னும் வரிசை அறைக் குடியிருப்புகளின் நீண்ட பொது வராந்தா, யார் எப்போது வந்தார் என்று வாட்ச்மேன் எழுதிவைக்கும் நோட்டு, குடியிருப்போர் சொசைட்டி மீட்டிங்கில் வாங்கிய கையெழுத்துகள் என்று தடயம் வைக்க இங்கே இடத்துக்கா பஞ்சம்? தமிழில் யாராவது இதை வைத்து எழுதிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.