பி மதிப்பு 0.05 என்றால் 95 சதவீதம் உறுதியா? இல்லை

"ஆய்வில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது, ஆகவே இந்த மருந்து வேலை செய்வது 95 சதவீதம் உறுதி" என்ற செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. மருந்தால் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 மருந்துகளில் 100 மட்டுமே பலன் தருபவை என்போம். நல்ல சோதனை அந்த நூற்றில் 80-ஐப் பிடிக்கும். மீதி 900-இல், 0.05 என்ற வரம்பின்படி 5 சதவீதம், அதாவது 45, பலன் இல்லாமல் சும்மாவே தேறிவிடும். தேறிய 125-இல் 45 வெறும் தற்செயல், 36 சதவீதம்! நோயாளிகள் அந்த "95 சதவீதம் உறுதி" செய்தியை நம்பி மருந்தை மாற்றிவிடுவார்களே என்பதுதான் என் கவலை.

பி மதிப்பு ஒரு கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.