15 நாள் லீவு

‘முக்தி பவன்’ என்ற ஹிந்திப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். 2016இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, அடுத்த வருடம் இந்தியாவில் திரைக்கு வந்த படம். நான் போனில்தான் பார்த்தேன், கீழே ஓடுகிற ஆங்கிலத்தை வாசித்து வாசித்து. இயக்குநர் சுபாஷிஷ் பூட்டியானிக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. அந்த வயதில் ஒரு கிழவர் சாகப்போகிற கதையை இவ்வளவு பகிடியாகவும் பொறுமையாகவும் எடுக்க எங்கே படித்தாரோ.

கதை சின்னது. தயா என்ற முதியவருக்குக் கனவு வருகிறது. என்ரை காலம் முடிஞ்சுது, காசிக்குப் போய்ச் சாகப்போறன் என்று, கறிக்கு உப்புக் காணாது என்கிற தொனியில் வீட்டாருக்கு அறிவிக்கிறார். மகன் ராஜீவ் போனும் காதுமாக அலுவலக வேலையில் மூழ்கிக் கிடப்பவன். மகளுக்குக் கல்யாண ஏற்பாடு வேறு நடக்கிறது. வேறு வழியில்லாமல் லீவு சொல்லிவிட்டுத் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகிறான். கங்கைக் கரையில், சாக வருகிறவர்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு விடுதியில் அறை எடுக்கிறார்கள். (இப்படியான விடுதிகள் காசியில் உண்மையாகவே இருக்கின்றன.) விடுதியின் சட்டம், 15 நாள்தான் தங்கலாம். அதற்குள் சாகாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும். ஆனால் மனேஜர் மிஸ்ராவிடம் அதற்கும் ஒரு வழி இருக்கிறது: பெயரை மாற்றிப் பதிந்துவிட்டு இன்னொரு 15 நாள். விமலா என்ற அம்மா இப்படியே 18 வருடமாக அங்கே இருக்கிறார். புருஷனோடு சாக வந்தவர். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், இவருக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

நாங்கள் பார்த்து வளர்ந்த படங்களில் சாவுக்கு இரண்டு வேலைதான். ஒன்று, கதாநாயகன் பழிவாங்கக் காரணம் கொடுப்பது. மற்றது, மூக்கில் குழாயோடு கிடக்கும் அப்பாவின் கையைப் பிடித்து மகன் மன்னிப்புக் கேட்பது, பின்னால் வயலின் அழுவது. இந்தப் படத்தில் அப்படி ஒரு காட்சிக்காக நான் காத்திருந்தேன், வரவில்லை. தகப்பனும் மகனும் ஒரே அறையில் படுக்கிறார்கள். மகன் சமைக்கிறான், நன்றாக வரவில்லை. தகப்பன் மற்றக் கிழடுகளோடு சேர்ந்து ரிவி நாடகம் பார்க்கிறார். சின்ன வயதில் கவிதை எழுதின பிள்ளை ராஜீவ். அதை வளர விடாதவர் இவர்தான். அந்தப் பழைய கோபம் எல்லாம் ஒரு நாளில் வெளியே வருவதில்லை. கதைக்க ஒன்றுமே இல்லை என்று இருவருக்கும் அலுத்த பிறகுதான் கதையே தொடங்குகிறது.

எனக்கு இந்தப் படம் பிடித்ததற்குப் பெரிய காரணம் அந்த அலுப்புத்தான். ஆளோடு ஆள் சும்மா இருக்கக் கிடைக்கிற நேரம். வன்னியில் நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுக்காமல் விட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

சொல்லிவிட்டுச் சாவது ஒரு வசதி. 2009இன் முதல் ஐந்து மாதத்தில், போரின் கடைசியில், இங்கே செத்தவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. சுண்ணம் இடிக்கவில்லை, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவில்லை, காடாத்தவில்லை. கிடந்த பங்கரையே மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடின சனம் நாங்கள். அதற்குப் பிறகு, சும்மா வயதுபோய்க் கட்டிலில் சாகிற சாவைப் பற்றிக் கதைக்கவே எங்களுக்கு வாய் வருவதில்லை. “எனக்கு இனிக் காணும் பிள்ளை” என்று ஒரு ஆச்சி சொன்னால், “விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா” என்று வாயை அடைத்துவிடுகிறோம். அதை அன்பு என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் வயதுபோனவர்களுக்குக் கதைக்க ஆசை இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆச்சி ஒருவர் சூட்கேசுக்குள் தன் கடைசி உடுப்பைத் தயாராக வைத்திருக்கிறார்: கூறைச்சேலை, சட்டை, ஒரு துண்டில் சுற்றின காசு. இடைக்கிடை எடுத்துப் பார்ப்பார். போன வருடம் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, “மெலிஞ்சிட்டன், இது தொளதொளக்குது, தைக்கக் குடு” என்று மருமகளிடம் கொடுத்தார். இன்னொரு அப்பு, கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு மகன் எடுத்துவைத்த படத்தைப் பார்த்துவிட்டு, “இதைப் போடாதை, விசா கிடையாதவன் மாதிரி நிக்கிறன்” என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்துக் களைத்துப்போனோம். தயாவை அங்கே கொண்டுவந்து இருத்தியிருந்தால் அவரும் வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்திருப்பார்.

இனி வெளிநாட்டுக் கதைக்கு வருகிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கலாம்.

கனடாவிலோ லண்டனிலோ சுவிசிலோ இருக்கிற பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறது. “சாப்பிட்டனீங்களே அப்பா? மருந்து போட்டனீங்களே? காசு வந்ததே?” மூன்றுக்கும் பதில் “ஓமடா ராசா”. பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோல் முடிந்தது. அப்பா செத்த பிறகு பாருங்கள் என்ன நடக்கிறது என்று. உடம்பை மலர்ச்சாலையில் வைத்து, பெடியன் வரட்டும் என்று ஊரே காத்திருக்கும். ரிக்கெட் எந்த விலை என்றாலும் கிடைத்துவிடும். லீவும் கிடைத்துவிடும். வீடியோக்காரர் டிரோன் விட்டுச் செத்தவீட்டை நேரலையில் காட்டுவார். மரண அறிவித்தலில், பத்து வருடமாக முகம் பார்த்துக் கதைக்காதவர்களும் “பாசமிகு” ஆகிவிடுவார்கள்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேணும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நல்ல வழக்கம்தான், எத்தனையோ கோபதாபம் செத்தவீட்டுப் பந்தலில் தீர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? கோபம் தீருவது அண்ணன் தம்பிக்கு இடையில், மச்சான்மாருக்கு இடையில். யாரோடு தீர்க்க வேண்டுமோ அந்த மனுசன் நடுவில் பெட்டிக்குள் கிடக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

வர முடியாதவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. அகதி வழக்குத் தள்ளுபடியாகி, கையில் ஒரு பத்திரமும் இல்லாமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். வந்தால் திரும்ப முடியாது. அவர்கள் அங்கே அறைக்குள் தனிய இருந்து, போன் திரையில் தாயின் கொள்ளியைப் பார்த்து அழுகிறார்கள். அவர்கள் மேல் ஒரு சொல்லும் இல்லை. நான் சொல்வது நல்லூர்த் திருவிழாவுக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் வந்து போகிறவர்களை. ஏ9 வீதியில் வான் பிடித்துப் போகும்போது முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஆறுதலாக நிற்கிறார்கள். உள்ளுக்குத் திரும்பி அப்பாவின் வீட்டுக்குப் போனால் வானை ஓவ் பண்ணவும் விடுவதில்லை. “பிள்ளையளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது அப்பா.” சரி, ஒத்துக்கொள்ளாதுதான். நீங்கள் மட்டும் 15 நாள் வந்து நில்லுங்கள். செத்தவீட்டுக்கு எடுக்கப்போகிற லீவை முன்னாலே எடுங்கள். வந்து ஒன்றும் செய்ய வேண்டாம், பழுதான தண்ணீர்ப் பம்பைப் பார்க்கவும் வேண்டாம். திண்ணையில் இருந்து அலுப்படியுங்கள்.

இங்கேயே இருக்கிறவர்கள் ஏதோ திறம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குப் பிரச்சினை காணி. வன்னியில் கனசனம் பெர்மிட் காணியில், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த காணியில் இருக்கிறது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி, குடியேற்றத் திட்டங்களில் தாத்தாமார் காடு வெட்டிப் பிடித்த காணி. தனக்குப் பிறகு அந்தக் காணி யாருக்கு, அதாவது பின்னுரித்தாளர் யார் என்று பெயர் கொடுக்க வேண்டும். கொடுப்பதென்றால் தகப்பன் தன் சாவைப் பற்றிக் கதைக்க வேண்டும், பிள்ளைகள் இருந்து கேட்க வேண்டும். அந்தக் கதையை எடுத்தாலே “அப்பாவைச் சாகச் சொல்லுறியோ” என்று சண்டை. ஆகவே யாரும் எடுப்பதில்லை. அவர் போன பிறகு அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், பிரதேச செயலகத்துக்குப் படிப்படியாக ஏறுவார்கள். நடுவில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பெயர் தெரியாது. நான் கண்ட குடும்பப் பிரிவில் பாதிக்கு மேல் பெயர் எழுதாமல் விட்ட இந்த ஒரு வெற்றுக்கோட்டில் தொடங்கியதுதான்.

படத்தில் எனக்குப் பிடிக்காத விஷயமும் இருக்கிறது. கங்கைக் கரையும் மெல்லிய வெளிச்சமும் தத்துவமும் தகப்பனுக்கும் மகனுக்கும் கிடைக்கிறது. மருமகள் லதா வீட்டில் நிற்கிறாள். கீதாஞ்சலி குல்கர்னி அந்த வேடத்தில் ஒரு பார்வையிலேயே எவ்வளவோ சொல்கிறார், ஆனால் அவருக்குக் கொடுத்த இடம் காணாது. எங்கள் ஊரில் படுக்கையில் விழுந்தவரைக் குளிப்பாட்டுவது யார்? மகள், அல்லது மருமகள். நானும் அப்படி இருந்தவள்தான். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் தகப்பனுக்கும் இடையில் வேறொரு கோபம் வளரும். தூரத்தில் இருக்கிறவனின் போன் வந்தால் முகம் மலர்கிறவர், சோறு தீத்துகிறவளிடம் “உறைப்புக் கூட” என்பார். அந்தக் கோபத்தைப் பற்றி யாராவது ஒரு பகிடிப் படம் எடுத்தால் நான் காசு கட்டிப் பார்ப்பேன்.

ஆனால் பேத்தி சுனிதாவின் பகுதி அருமை. அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்கினவர் தயா. அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்பது தகப்பனுக்குக் கடைசியாகத்தான் விளங்குகிறது. ராஜீவ் தன் தகப்பன்மேல் வைத்திருந்த குறையை அப்படியே மகளுக்குத் தானும் செய்துகொண்டிருக்கிறான். படம் இதை ஒரு இடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

விமலாவின் 18 வருடத்தைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒரு காத்திருப்பு நினைவுக்கு வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அம்மாமார் இருக்கத் தொடங்கினார்கள், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைக் கேட்டு. பதில் தெரியாமலே அவர்களில் பலர் செத்துப்போனார்கள். விமலா சாவுக்காகக் காத்திருக்கிறார். இவர்கள் பிள்ளை வருமட்டும் சாகக்கூடாது என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் படத்தை அவர்களுக்கு முன்னால் போட எனக்குத் துணிவில்லை. உறவைச் சீர்செய்ய ஆள் இருக்க வேண்டும், அல்லது ஆள் இல்லை என்ற செய்தியாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு எந்தப் படமும் ஆறுதல் சொல்ல வெளிக்கிடக்கூடாது.

முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டுங்கள். கடைசியில் தயா மகனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அவர் சாகும்போது ராஜீவ் பக்கத்தில் இல்லை. முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவும் செய்து கடைசி மூச்சுக்கு இல்லாமல் போனானே என்று. இரண்டாம் முறை பார்த்தபோது அது சரியாகப்பட்டது. எங்கள் ஊரில் “கடைசிப் பால் நான்தான் பருக்கினேன்” என்று உரிமை கொண்டாடுவதிலேயே எத்தனை சண்டை. அந்த ஒரு நிமிடத்தைப் படம் பெரிதாக எடுக்கவில்லை. கதைக்க வேண்டியதைக் கதைத்தாயிற்று. அதனால்தான் அந்தக் கடைசி ஊர்வலத்தில் அழுகையோடு சிரிப்பும் வருகிறது. நாங்களும் பறை அடித்து வெடி கொளுத்தித்தான் கொண்டுபோகிறோம், ஒன்றும் புதிதில்லை.

ராஜீவாக அடில் ஹுசைன். சோர்ந்த தோளோடு அவர் நடக்கிற நடைக்கே பார்க்கலாம். தயாவாக வந்த லலித் பேல் 2021 ஏப்ரலில் கொவிட் வந்து காலமானார். விமலாவாக நடித்த நவ்னிந்திரா பேல் நிஜத்தில் அவருடைய மனைவி. இதைத் தெரிந்துகொண்டு அவர்கள் இருவரும் சேர்ந்து வருகிற காட்சிகளைத் திரும்பப் பாருங்கள்.

சிறுபோக வெட்டு முடிய எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு இரவு இதைப் போடலாம் என்று இரண்டு மூன்று பேராகக் கதைத்திருக்கிறோம். தமிழ் எழுத்து இல்லை, ஆகவே நான் மைக்கில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டு போவேன், கொஞ்சம் சகித்துக்கொள்ள வேண்டும். சூட்கேஸ் ஆச்சி முன்வரிசைக் கதிரை கேட்டிருக்கிறார். திரையும் ஸ்பீக்கரும் இருக்கிறது, புரொஜெக்டர்தான் இல்லை. விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.