தகடு இல்லாத வீட்டை எரியவிட்டார்களா?

"பழைய லண்டனில் காப்பீட்டுத் தகடு இல்லாத வீடு தீப்பிடித்தால், தீயணைப்பு வீரர்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

தகடு உண்மைதான். 1666 பெருந்தீக்குப் பிறகு தோன்றிய காப்பீட்டு நிறுவனங்கள் சொந்தமாகத் தீயணைப்புப் படை வைத்திருந்தன. காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் ஈயத் தகடு அடித்தன. சன் நிறுவனத்தின் தகட்டில் கதிர் விரிந்த சூரிய முகம், அடியில் பாலிசி எண்.

சரி, தகடு இல்லாத வீடு? அதை விட்டுவைத்தால் நெருப்பு பக்கத்து வீட்டுக்குத் தாவும். அது படையை அனுப்பிய நிறுவனத்திடமே காப்பீடு செய்த வீடாக இருந்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியது அதே நிறுவனம்தான். எந்த முதலாளி அதற்குச் சம்மதிப்பான்? போதாததற்கு, தீப்பிடித்த இடத்துக்கு முதலில் வரும் தீயணைப்பு இயந்திரத்துக்குப் பரிசுப்பணம் தர 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே சட்டம் வந்துவிட்டது. வீரர்கள் முந்திக்கொண்டுதான் ஓடியிருப்பார்கள்.

1833இல் பல நிறுவனங்கள் தங்கள் படைகளை ஒன்றாக்கி, ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டைத் தலைவராக்கின. 1861 டூலி தெரு தீயில் சுவர் இடிந்து விழுந்து அவர் இறந்தார். அப்புறம் 1866இல் பொதுப் படையே வந்துவிட்டது.